சனிக்கிழமைக் கயிறு

கரியாலூரில் நாங்கள் குடியிருந்த இடத்தைச் சுற்றி ஏழு கம்புகளும் ஒரு வெள்ளைக் கயிறும் ஐந்து மாதம் இருந்தன. அந்தக் கயிறு எதையும் தடுக்கவில்லை. ஆடுகள் அதனடியில் வந்து போயின. மாமாவின் வண்டி வந்து போனது. எட்டடி உயரத்தில் ஓடியதால், அண்ணாந்து பார்த்தால்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியும். ஆனால் அது இருந்தால் ஓர் அம்மா சனிக்கிழமையன்று தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டலாம். இல்லாவிட்டால் தாண்ட முடியாது. ஒரு சனிக்கிழமை காலையில் அது அறுந்து விழுந்ததை நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் ஊர் கீழே, கள்ளக்குறிச்சியை ஒட்டி. மலைமேல் ஒரு தனியார் பண்ணையில் அப்பாவுக்கு மேற்பார்வை வேலை கிடைத்ததால் கரியாலூருக்குக் குடிவந்திருந்தோம். பண்ணை இடத்தில் இரண்டு வீடுகள், ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மூன்று பலா மரங்கள். ஒரு வீட்டில் நாங்கள். கொட்டகையை ஒட்டிய அறையில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. வீடுகளுக்கு வயரிங் செய்வது அவர் தொழில். மீதி நேரத்தில் பண்ணையின் லோடு வண்டியை ஓட்டுவார்.

காலியாகக் கிடந்த இன்னொரு வீட்டுக்குத் தை மாதம் ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஐந்து மாதப் பெண் குழந்தை. மரவள்ளிக்குச் சொட்டுநீர் போட்டுப் பார்ப்பதற்காகப் பண்ணைக்காரர்கள் அவரை இஸ்ரேலிலிருந்து வரவழைத்திருந்தார்கள். அவருடைய பெயர் யார் வாயிலும் நுழையாததால் சொட்டுநீர்க்காரர் ஆனார். அவர் அதற்கு முன்பே எட்டு மாதம் தனியாகக் கீழே தங்கி வேலை பார்த்தவர். கூலியாட்களிடம் கற்ற தமிழ் அவருடையது. "தண்ணி ஜாஸ்தி வேணாம், கம்மி போதும்" என்பதை நாளைக்கு இருபது தடவை சொல்வார். எதைப் பார்த்தாலும் "இது இன்னா?" என்பார்.

அவர்கள் யூதர்கள் என்று அப்பா சொன்னார். யூதர்கள் என்றால் என்ன என்று கேட்டேன். சனிக்கிழமை வேலை செய்ய மாட்டார்கள் என்றார். எங்கள் பண்ணையில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தத் தகவலே போதுமானதாக இருந்தது.

பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை எனக்குப் பாப்பாவோடு விளையாடும் நாளாகியிருக்க வேண்டும். ஆனால் மற்ற ஆறு நாளும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பலா மரத்தடிக்கும் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருக்கும் அந்த அம்மா, வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை நட்சத்திரம் தெரியும்வரை வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கணவர் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முற்றத்தில் நடப்பார். கைக்குட்டையைப் பையில் வைக்காமல் மணிக்கட்டில் கட்டியிருப்பார். மனைவி பாப்பாவுடன் வாசற்படிக்கு உள்ளே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கால்விரல்கள் படியின் விளிம்பில் இருக்கும். அதற்கு மேல் ஓர் அங்குலம் வராது.

காரணத்தை அப்பா விசாரித்து வந்து சொன்னார்.

"சனிக்கிழமை வூட்ட விட்டு எதையும் வெளிய தூக்கிக்கினு வரக் கூடாதாம். அவங்க சாமி சட்டம்."

"கொழந்த இன்னா சாமானா?" என்றார் அம்மா.

"நடந்து வந்தா பரவால்லயாம். தூக்குனா சாமான்தானாம்."

"அஞ்சு மாசக் கொழந்த எங்கேருந்து நடக்கும்?"

"அதான் உள்ளயே இருக்காங்க."

"வேல வாங்குற சாமியப் பாத்திருக்கேன். கையக் கட்டிப்போட்டு உக்காருன்னு சொல்ற சாமிய இப்பதான் பாக்கறேன். நமக்கு ஒரு நாளு கெடைக்குமா?" என்றார் அம்மா.

சிரிப்பு ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒன்றரை அறை வீடு அது. ஐந்தாவது சனிக்கிழமை, பாப்பா நிறுத்தாமல் அழுதது. அதன் அம்மாவும் அழுததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மாவின் முன் உட்கார்ந்து, பாப்பாவைக் காட்டினார், தன்னைக் காட்டினார், கையால் விமானம் போவதுபோல் காட்டினார், காலண்டரைத் தொட்டுக் காட்டினார். கணவர் வேலை முடியும்வரை இங்கேயே இருப்பார். தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள். பங்குனிக்குள்.

அம்மா அதை அப்பாவிடம் சொன்னார். அப்பா சொட்டுநீர்க்காரரிடம் சொன்னபோது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் அப்பாவிடம் கேட்டது ஆலோசனை அல்ல. ஏழு சவுக்குக் கம்புகள்.

அவருடைய ஊரில் ஊர் முழுவதையும் சுற்றிக் கம்பமும் கம்பியும் இருக்கிறதாம். கம்பிக்கு உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீடு என்று கணக்கு. ஊரே ஒரு வீடு என்றால் தெருவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பது, கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவது மாதிரிதான். கம்பி எங்கேயும் அறுந்திருக்கிறதா என்று வாரா வாரம் ஒருவர் சுற்றிவந்து பார்ப்பார். ஓரிடத்தில் அறுந்தாலும் அந்த வாரம் ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளும் வீட்டுக்குள்தான். அப்பா இதைச் சொல்லும்போது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஊருக்கே வேலி போட்டு ஊர வூடாக்கிட்டாங்களா? பட்டா யாரு பேர்ல?" என்றார்.

கயிறு வாங்கக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் போனோம். அப்பா, சொட்டுநீர்க்காரர், எனக்குச் செருப்பு வாங்க வேண்டியிருந்ததால் நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாயின் இரும்புக் கடை. பாய் நாலைந்து ரகங்களை எடுத்து மேசையில் போட்டார்.

"எவ்ளோ வெயிட் தாங்கணுங்க?"

அப்பா திரும்பிப் பார்த்தார். சொட்டுநீர்க்காரரே பதில் சொன்னார். "ஒண்ணும் தாங்க வேணாம்."

"ஒண்ணும் தாங்காத கயித்துக்கு எதுக்குங்க நைலான்? சணல் போதுமே."

"மழை. வெயில். அறுந்தா கஷ்டம்."

"ஒண்ணும் தாங்காத கயிறு அறுந்தா இன்னா கஷ்டம்?" என்று பாய் அப்பாவைக் கேட்டார். அப்பா விஷயத்தைச் சொன்னார். பாய் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தோற்றத்தில் மெலிதான வெள்ளைக் கயிற்றை உள்ளேயிருந்து எடுத்துவந்து, இரண்டு கைகளாலும் இழுத்துக் காட்டி, "அப்ப இத எடுத்துக்குங்க. நல்லா வரும்" என்றார்.

கட்டும் வேலை மாமாவுடையது. எங்கள் இடத்தின் பின்பக்கம் ஆள் உயரக் கற்சுவர். இன்னொரு பக்கம் கொட்டகையின் சுவர். அவை இரண்டையும் அப்படியே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொட்டுநீர்க்காரர் சொன்னார். திறந்து கிடந்த மற்ற இரண்டு பக்கங்களுக்குத்தான் கம்பு. மாமா அரை நாளில் ஏழையும் நட்டு, ஒவ்வொரு கம்பின் கழுத்திலும் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, கரண்ட் லைன் இழுப்பதுபோல் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டுக் கீழே இறங்கினார்.

"பாருங்க சார். யானை வந்து இழுத்தாலும் வராது."

சொட்டுநீர்க்காரர் முழுக்கச் சுற்றிவந்தார். "நல்லா இருக்கு. ஆனா இது வேலி."

"பின்ன இன்னா வேணும்?"

"வாசல்."

மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். நிலைக்கால் இரண்டையும் தட்டினார். பிறகு எம்பி, மேலே குறுக்கே கிடக்கும் சட்டத்தைத் தட்டினார். "இது எங்க இருக்கு? பக்கத்துல இல்ல. மேல உக்காந்துக்கினு இருக்கு. கயிறும் மேல உக்காரணும்."

"சார், பக்கத்துல கட்னாதான் நிக்கும். மேல வெச்சா ஒரு காத்துக்குக் கழண்டுக்கும். லைன் இழுக்கறவன் நானு, எனக்குத் தெரியாதா?"

"கழண்டா மறுபடி வெக்கலாம். பக்கத்துல இருந்தா வாசலே இல்ல."

மாமா முணுமுணுத்துக்கொண்டே எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்தார். ஒவ்வொரு கம்பின் தலையிலும் கத்தியால் ஒரு பள்ளம் வெட்டி, அதில் கயிற்றைப் படுக்க வைத்தார். தொழிலில் அவர் மனமறிந்து செய்த மட்டமான வேலை அது ஒன்றுதான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டிருப்பார். அன்று மதியம் அம்மாவிடம், "யக்கா, கதவே இல்லாம ஆறு வாசல் கட்டி வெச்சிருக்கேன். கிரகப்பிரவேசம் எப்பன்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

அது அடுத்த சனிக்கிழமையே நடந்தது. பாப்பாவின் அம்மா வாசற்படிவரை வந்தார். வழக்கமான இடத்தில் நின்றார். கணவர் ஏதோ சொன்னார். மனைவி அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார், ஒரு காலை வெளியே வைத்தார், எடுத்து மறுபடி வைத்தார். பிறகு பாப்பாவை இறுக்கிக்கொண்டு பலா மரத்தடிவரை கிட்டத்தட்ட ஓடினார். அம்மா கோரைப்பாய் கொண்டுவந்து போட்டார். அன்று முழுவதும் நாங்கள் அங்கேதான் இருந்தோம். விமானப் பேச்சு அதோடு நின்றது.

பங்குனி போய்ச் சித்திரையும் போனது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நாலு மணிக்குச் சொட்டுநீர்க்காரர் ஏழு கம்புகளையும் சுற்றிவருவார். நானும் கூடப் போவேன். ஒவ்வொரு கம்பின் கீழும் நின்று அண்ணாந்து பார்த்து "ஓகே" என்பார். ஏழாவது ஓகேவுக்குப் பிறகு பாப்பாவின் அம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்துவார். அதன் பிறகுதான் அவர் விளக்கு ஏற்றப் போவார்.

வைகாசியில் மழை தொடங்கியதும் மரவள்ளி நடவு வந்தது. அந்தச் சனிக்கிழமை அப்பா முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தார். அம்மா நடவுப் பெண்களோடு மேட்டு நிலத்துக்குப் போய்விட்டார். காலை ஏழு மணிக்கு மாமா, குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்ன லோடு வண்டியில், நடுவதற்கான மரவள்ளிக் குச்சிக் கட்டுகளை ஏற்றினார். இரண்டு நடையாகப் போக வேண்டியதை ஒரே நடையாக முடிக்கப் பார்த்ததில் கட்டுகள் வண்டிக் கூரைக்கு மேலே நாலடி நின்றன. மூன்றாவது கம்புக்கும் நாலாவது கம்புக்கும் நடுவில்தான் வண்டிப் பாதை. குச்சி நுனிகள் கயிற்றைக் கவ்வின. நாலாவது கம்பின் பள்ளத்திலிருந்து அது துள்ளி வெளியே வந்தது, நீண்டது, அறுந்தது. ஒரு முனை மண்ணில் விழுந்தது.

மாமா வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "அன்னிக்கே சொன்னேன். மேல வெச்சா நிக்காதுன்னு."

"மாமா, கட்டிட்டுப் போ."

"அங்க பன்னெண்டு பொம்பளைங்க குச்சிக்காகக் காத்துக்கினு இருக்காங்க. சாயந்திரம் வந்து கட்டிக்கலாம்."

"ஆன்ட்டி வெளிய வர முடியாதே."

மாமா அவர்கள் வீட்டைப் பார்த்தார். கதவு இன்னும் திறக்கவில்லை. "நீ வாய மூடிக்கினு இருந்தா அவங்களுக்கு எப்டித் தெரியும்? கயிறு இல்லன்னு கயிறா வந்து சொல்லப் போவுது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒன்பது வயதில் எனக்குக் கணக்கு நன்றாக வரும். கயிறு இல்லாவிட்டால் பாப்பா உள்ளே. பாப்பா உள்ளே என்றால் அழுகை. அழுகை என்றால் விமானம். நான் ஏணியை இழுத்துப் பார்த்தேன். மூங்கில் ஏணி, நகரவில்லை. ஒரு கழியின் நுனியில் கயிற்றைத் தொங்கவிட்டு நாலாவது கம்பின் தலையில் ஏற்றப் பார்த்தேன். மூன்று முறையும் என் முகத்தில்தான் விழுந்தது. கடைசியில் அறுந்த முனையை இழுத்துப் பாதையோரத்து உண்ணிச்செடிப் புதருக்குள் செருகி மறைத்தேன். பிறகு பாயைக் கொண்டுவந்து, அதில் உட்கார்ந்தால் முதுகு நாலாவது கம்பைப் பார்க்கும்படி பலா மரத்தின் மறுபக்கம் விரித்தேன்.

பாப்பாவின் அம்மா எட்டரைக்குக் கதவைத் திறந்தார். பாப்பாவோடு வெளியே வந்தார். பழகிவிட்டிருந்ததால் இப்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பதில்லை. நேராக வந்து பாயில் உட்கார்ந்து, "பலா, ஜாஸ்தி" என்று மரத்தைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் முதல் பொய் எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று ஆச்சரியமாக இருந்தது.

சொட்டுநீர்க்காரர் கொஞ்ச நேரம் கழித்து வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் வழக்கப்படி முற்றத்தை ஒரு சுற்று நடக்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் ஓடிப்போய் நாலாவது கம்புக்கு முன்னால் நின்றுகொண்டேன். என் உயரம் நாலடிக்கும் குறைவு. எட்டடி உயரத்தில் இல்லாத ஒன்றை அதை வைத்து மறைத்துவிடலாம் என்று எப்படி நினைத்தேனோ தெரியாது.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். என் தலைக்கு மேலே பார்த்தார். உண்ணிச்செடிப் புதரைப் பார்த்தார்.

"அங்கிள், தேன்கூடு!" என்றேன்.

"தேன்கூடு இன்னா?"

"தேன். பூச்சி. அந்தப் பக்கம் இருக்கு. வாங்க, காட்றேன்."

அவர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். பாயில் பாப்பா தன் அம்மாவின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சொட்டுநீர்க்காரர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "காட்டு" என்றார்.

கற்சுவர்வரை அழைத்துப் போனேன். மூன்றாவது பலா மரத்தில் ஒரு வெறும் கிளையைக் காட்டினேன். அங்கே எந்தக் காலத்திலும் தேன்கூடு இருந்ததில்லை.

"போயிடுச்சு" என்றேன்.

"போயிடுச்சா" என்றார். அந்தக் கிளையை இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்து அக்கறையாகப் பார்த்தார். "நல்லா இருந்துச்சி" என்றார்.

அவரை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியில் நான் பாய்க்கு ஓடினேன்.

அன்றைக்கு அவர் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மற்ற சனிக்கிழமைகளில் பாப்பாவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு முற்றம் முழுக்கச் சுற்றுவார். அன்று மனைவி பாப்பாவை நீட்டியபோது கைகளைப் பின்னாலிருந்து எடுக்கவே இல்லை. அவர் மறுபடியும் நீட்டினார். இவர் ஏதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்தார். மனைவி தண்ணீர் கேட்டார், இவர் காதில் விழாததுபோல் இருந்தார். கடைசியில் அவரே எழுந்து போய் எடுத்துவந்தார். கொஞ்ச நேரம் கழித்து இவர் பாயில் வந்து உட்கார்ந்ததும் பாப்பா தவழ்ந்து போய் மடியில் ஏறிக்கொண்டது. அப்போது மட்டும் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கும் முன் பாப்பாவைப் பாயில் இறக்கிவிட்டார். மனைவியின் முகம் வர வரச் சிறுத்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மேல் வானம் இருட்டியது. பாப்பாவின் அம்மா வாழைப்பழம் எடுத்துவர உள்ளே போயிருந்தார். பாயில் சொட்டுநீர்க்காரரும் பாப்பாவும். நான் தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். பத்தடி தூரம் இருக்கும். மலையில் கோடை மழை முன்னறிவிப்பு கொடுக்காது. பெரிய பெரிய துளிகளாக ஒரே நேரத்தில் கொட்டியது.

பாப்பா வீறிட்டது. அவர் அதைத் தூக்கவில்லை. மடியிலிருந்து பாயில் இறக்கி, முழங்காலிலும் கைகளிலும் ஊன்றி, அதன்மேல் கூரைபோல் கவிந்துகொண்டார். மழை அவர் முதுகில் விழுந்தது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. வீட்டு வாசல் முப்பதடியில் இருந்தது. எழுந்து பத்து எட்டு வைத்தால் போதும். அவர் எழவில்லை. தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார். கீழே பாப்பாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் மூக்கிலிருந்தும் தாடியிலிருந்தும் ஒழுகிக்கொண்டிருந்தது.

நான் பயந்துபோனேன். கயிற்றைக் கண்டுபிடித்துவிட்டார், யார் அறுத்தது என்று என்னைக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டிக்குள் பார்த்தேன்.

ஒரு நிமிடம்கூட இருக்காது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்த பாப்பாவின் அம்மா கத்திக்கொண்டே ஓடிவந்தார். கணவரைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பாப்பாவை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். வாசலில் நின்று அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டார். அது "ஏன்" என்பதாகத்தான் இருக்க வேண்டும். அவர் நனைந்த பாயிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாலை அம்மா வந்ததும் சொன்னேன். "மழையில பாப்பாவத் தூக்கவே இல்லம்மா. பாத்துக்கினே இருந்தாரு. அவரு ஒரு அப்பாவா?"

அம்மா காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். "ஆம்பளைங்க எந்த நாட்ல பொறந்தாலும் அப்டித்தான். கொழந்த அழுதா பொண்டாட்டி வரட்டும்னு நிப்பாங்க" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது.

மேற்கே மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் சொட்டுநீர்க்காரர் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வந்தார். மற்ற கம்புகள் எதையும் பார்க்கவில்லை. நேராக நாலாவது கம்புக்குப் போய் ஏணியைச் சாய்த்தார். உண்ணிச்செடிக்குள் கையை விட்டுக் கயிற்றின் முனையை எடுத்தார். அந்த நேரத்தில் மாமாவின் வண்டி வந்து நின்றது.

"சார், காலைல வண்டியில மாட்டி..."

"பரவால்ல" என்றார். "கயிறு கம்மி. கொஞ்சம் புதுசு வேணும்."

நாள் முடிந்த பிறகுதான் கண்டுபிடித்திருக்கிறார், நல்லவேளை என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். அவர்கள் ஆடிவரை இருந்தார்கள். மூவரும் சேர்ந்துதான் போனார்கள். கம்புகளை மாமா ஒரு கல்யாணப் பந்தலுக்கு எடுத்துப்போனார்.

பல வருடங்களுக்குப் பிறகு, பத்திரிகை வேலையாகக் கொச்சிக்குப் போனபோது அங்கே மிஞ்சியிருந்த யூதர்களில் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். எழுதுவதற்காக அல்ல, எனக்காக. கயிறு அறுந்தது தெரியாமல் தூக்கியவருக்கு அது சின்னத் தவறுதான் என்றார். தெரிந்த பிறகு தூக்கினால் அது வேறு. அதனால் பார்த்தவர் சில சமயம் மற்றவர்களிடம் சொல்லாமல் இருந்துவிடுவதும் உண்டு. அது சரியென்று எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பார்த்தவரின் கை அதோடு கட்டப்பட்டுவிடும். அவர் அன்றைக்குத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓர் அடி நடக்க முடியாது. தன்னால் ஏன் முடியவில்லை என்று மனைவியிடம் சொல்லவும் முடியாது.

அப்படியானால் அவர் காலை ஒன்பது மணிக்கே, என் தலைக்கு மேலே பார்த்தபோதே, முடிவு செய்துவிட்டார். அதற்கான திட்டையும் வாங்கிக்கொண்டார். மனைவிக்கு எப்போதாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்பதற்கு அவர்களுடைய முகவரி என்னிடம் இல்லை.

மழையில் அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் அதற்கும் பிறகுதான் தெரிந்தது. "தூக்கு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். ஆனால் அந்தச் சொல் சமையலறை ஜன்னலுக்கும் கேட்டிருக்கும், கயிறு இல்லை என்று மனைவிக்குப் புரிந்திருக்கும். அதனால் கண்ணால் மட்டும் கேட்டார், இரண்டு முறை. அவர்கள் சட்டத்துக்கு வெளியே இருந்த, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்க எந்தத் தடையும் இல்லாத ஒரே ஆளான நான், இரண்டு கைகளும் காலியாக, பத்தடி தூரத்தில் நின்று தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.